29-வது மாடி லாக்கரில் வைத்த நகை காணோம்: ஹோட்டல் கைவிரிக்க முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊர் கும்பகோணம். எங்கள் 40-வது திருமண நாளுக்காக, மும்பையில் வேலை பார்க்கும் மகள் லோயர் பரேலில் ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டலில் மூன்று இரவுக்கு அறை எடுத்துக் கொடுத்தாள். பணம் முழுவதும் அவள் கார்டில் கட்டியது. எங்கள் அறை 29-வது மாடியில். இரண்டாம் நாள் மாலை என் 6 பவுன் இரட்டை வடச் சங்கிலியையும் அம்மா எனக்குப் போட்ட வைரத்தோட்டையும் அறை லாக்கரில் வைத்து, எண் போட்டுப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். இரவு 11 மணிக்குத் திரும்பியபோது லாக்கர் பூட்டியபடியே இருந்தது. எங்கள் எண்ணுக்கே திறந்தது. உள்ளே நகை இல்லை.

"போலீஸ் வேண்டாம், நாங்களே விசாரிக்கிறோம்" என்றார் மேலாளர். அதை நம்பி ஊர் திரும்பினோம். ஐந்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: "விலை உயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற செக்-இன் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் நல்லெண்ணமாக இரண்டு இரவு இலவசமாகத் தருகிறோம். இணைத்துள்ள தாளில் கையெழுத்திட்டு அனுப்பவும்." இன்றோடு 11 நாள். இனி போலீஸுக்குப் போகலாமா? வழக்குப் போட மும்பைக்கு அலைய வேண்டுமா? அந்தக் கையெழுத்து எங்களைக் கட்டிப்போட்டுவிட்டதா? பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் போட்டிருந்தார்கள். மகள் தன்னால்தான் இப்படி ஆனது என்று அழுதுகொண்டே இருக்கிறாள்.

பதில்: அம்மா, முதல் வேலையாக, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். மூன்றாவது வரியில் "இது தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று இருக்கிறது. இரண்டு இரவு அறைக்கு ஈடாக உங்கள் வழக்கையே எழுதிக் கேட்கிறார்கள். மறுப்பதற்கு நீண்ட கடிதம் தேவையில்லை. "ஏற்கவில்லை, என் உரிமைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன" என்று ஒரு வரி மின்னஞ்சல் இன்றே அனுப்பினால் போதும்.

இரண்டாவது வேலையும் இன்றே செய்ய வேண்டியது. அதற்குக் காரணம் நீங்கள் தங்கிய கட்டடமே. லோயர் பரேலில் ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் நின்றன. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கி, அந்த நிலங்களில் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்திருக்கின்றன. இப்படிப்பட்ட கோபுர ஹோட்டலில் தெருவில் போகிற யாரும் 29-வது மாடிக்கு ஏறிவிட முடியாது. லிஃப்டில் கீ கார்டைக் காட்டினால்தான் அது நகரும், அதுவும் உங்கள் மாடிக்கு மட்டும். ஊழியர்களுக்குத் தனி லிஃப்ட். மாடி நடைபாதையில் கேமரா. அறைக் கதவின் மின்னணுப் பூட்டு, எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்று தன் நினைவில் குறித்துவைக்கிறது. பல லாக்கர்களும் அப்படியே: விருந்தினர் எண்ணுக்குத் திறந்ததா, மாஸ்டர் கோடுக்குத் திறந்ததா என்று சொல்லும். எண்ணை மறந்துபோகும் விருந்தினருக்காக எல்லா ஹோட்டலும் ஒரு மாஸ்டர் வழி வைத்திருக்கும். உங்கள் லாக்கர் உடைபடாமல், உங்கள் எண்ணும் மாறாமல் காலியானது என்றால் அந்த மாஸ்டர் வழி அன்று யார் கையில் இருந்தது என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி.

ஆக, அன்று மாலை 6 மணிக்கும் இரவு 11 மணிக்கும் நடுவில் அந்த அறைக்குள் யார் போனார்கள் என்ற பதில் எழுத்திலும் படத்திலும் இருக்கிறது. ஆனால் அது ஹோட்டலின் கையில் இருக்கிறது, நாள்பட்டால் அழியவும் அழியும். கேமராப் பதிவு சில வாரங்களில் தன் மேல் தானே எழுதிக்கொண்டுவிடும். பூட்டின் நினைவகத்திலும் புதிய பதிவு ஏற ஏற பழையது போய்விடும். 11 நாள் ஆகிவிட்டது என்று நீங்கள் பதறுவதற்கு உண்மையான காரணம் இதுதான்.

எனவே ஹோட்டலின் பொது மேலாளருக்கும், அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் ஒரு கடிதம் போக வேண்டும். அறை எண்ணையும் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, 29-வது மாடி நடைபாதை, விருந்தினர் லிஃப்ட், ஊழியர் லிஃப்ட் ஆகியவற்றின் கேமராப் பதிவு, கதவுப் பூட்டின் பதிவு, லாக்கரின் பதிவு, அன்றைய ஹவுஸ்கீப்பிங் பட்டியல், மாஸ்டர் கீ கார்டை ஊழியர்கள் வாங்கிக் கொடுத்த பதிவேடு எல்லாவற்றையும் அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லுங்கள். நகல் கேட்காதீர்கள். கேட்டால் "மற்ற விருந்தினர்களின் அந்தரங்கம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பாதுகாக்கச் சொன்னால் அந்தப் பதிலுக்கு இடமில்லை. இந்தக் கடிதத்துக்குப் பிறகும் பதிவு அழிந்தால், கையிலிருந்த ஆதாரத்தை ஒருவர் மறைத்தால் அது அவருக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற சாட்சியச் சட்டக் கோட்பாடு உங்கள் பக்கம் வந்து நிற்கும்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். 11 நாள் தாமதம் புகாரைக் கொன்றுவிடாது. திருட்டுப் புகாருக்குத் தாமதம் தடையல்ல. தாமதத்துக்கு விளக்கம் வேண்டும், அவ்வளவுதான். "நாங்களே விசாரிக்கிறோம்" என்று அவர்கள் சொன்னதும், ஐந்து நாள் கழித்து வந்த மின்னஞ்சலுமே அந்த விளக்கம். மும்பைக்குப் போகவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். கும்பகோணத்தில் பதிவு செய்து மும்பைக்கு அனுப்புவார்கள். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். "அங்கே போய்க் கொடுங்கம்மா" என்று நிலையத்தில் திருப்பி அனுப்பப் பார்த்தால், அதே பிரிவின் கீழ் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். வழக்குப் பதியத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-ல் சொல்லியிருக்கிறது. புகாரில் எந்த ஊழியர் பெயரையும் ஊகித்து எழுதாதீர்கள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் மீது சந்தேகம் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் உள்ளே வந்ததைத் தவிர அவருக்கு எதிராக உங்களிடம் ஒன்றும் இல்லை. மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவரை ஊகத்தின் பேரில் காவல் நிலையத்தில் உட்கார வைக்க வேண்டாம். பூட்டின் பதிவு பேசட்டும்.

இனி அந்தக் கையெழுத்து. செக்-இன் படிவத்தில் எதை அச்சடித்திருந்தாலும் தன் சொந்த அலட்சியத்தின் விளைவிலிருந்து ஹோட்டல் தப்பிவிட முடியாது. இதற்கு உங்களுக்கு மிக உதவும் தீர்ப்பு, தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. 1998-ல் டெல்லியில் ஒரு விருந்தினர் தன் மாருதி ஜென் காரை நிறுத்தச் சொல்லி வாசலில் ஊழியரிடம் சாவி கொடுத்தார். கார் திருடு போனது. "உரிமையாளரின் பொறுப்பில்" என்று டோக்கனில் அச்சிட்டிருக்கிறது என்றது ஹோட்டல். பொருளை வாங்கிக்கொண்ட பிறகு, தான் எடுக்க வேண்டிய கவனத்தை எடுத்தேன் என்று ஹோட்டல்தான் நிரூபிக்க வேண்டும். தன் அலட்சியத்தையும் தன் ஊழியரின் அலட்சியத்தையும் அச்சிட்ட வரியைக் காட்டிக் கழுவிவிட முடியாது என்றது நீதிமன்றம். அடிப்படை, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகள். அறை வாடகை உயர உயர கவனமும் உயர வேண்டும் என்பதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. 1972-ல் டெல்லி ஐந்து நட்சத்திர ஹோட்டலின் நீச்சல் குளத்தில் குதித்து முடங்கிப்போன ஜெர்மானிய விமானிக்கு 1997-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் விதித்தபோது அப்படிச் சொன்னது. விமானி அதற்குள் இறந்துவிட்டிருந்ததால் அந்தத் தொகை மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். "காரை எங்களிடம் கொடுத்தார்கள், நகையை எங்களிடம் கொடுக்கவில்லையே" என்பார். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்ன ரயில் வழக்கையும் எடுத்துக் காட்டுவார். இடுப்பில் கட்டியிருந்த 1 லட்சம் ரூபாய் ரயிலில் திருடு போன பயணிக்கு, தன் பொருளைத் தானே காக்காததற்கு ரயில்வே பொறுப்பாகாது என்று தீர்ப்பானது. உங்கள் விஷயம் அதிலிருந்து வேறு. நீங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளவில்லை. ஹோட்டலே பாதுகாப்புக்கென்று சுவரில் பதித்து வைத்த பெட்டியில் வைத்தீர்கள். அந்தப் பெட்டியைத் திறக்கும் இன்னொரு வழி ஹோட்டலிடமே இருந்தது. ஆனாலும் ரிசப்ஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. அந்த அளவுக்கு உங்கள் தரப்பு சற்று மெலிந்ததுதான்.

இதனால்தான் நுகர்வோர் புகாரை எழுதும் விதம் முக்கியமாகிறது. "ஊழியர் திருடினார்" என்று எழுதினால், குற்ற நடவடிக்கையைச் சுருக்க விசாரணையில் தீர்மானிக்க முடியாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று நுகர்வோர் ஆணையம் சொல்லிவிடலாம். இதே 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது. யார் எடுத்தார் என்பதைப் போலீஸுக்கு விட்டுவிடுங்கள். ஆணையத்தில், ஹோட்டல் எதைச் செய்யத் தவறியது என்பதை மட்டும் எழுதுங்கள்: மாஸ்டர் வழிக்குக் கட்டுப்பாடு இல்லை, சம்பவம் தெரிந்தவுடன் போலீஸை அழைக்கவில்லை, உங்களையும் அழைக்கவிடவில்லை, பூட்டின் பதிவைக் காட்டவில்லை. தங்குமிடம் தருவது சட்டத்தின் பார்வையில் சேவை. இவை எல்லாம் அந்தச் சேவையில் குறைபாடு. இன்னொரு நுணுக்கமும் உண்டு. படிவத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று ரத்து செய்யக் கேட்காதீர்கள். அந்தக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அலட்சியத்துக்கு அந்த வரி கவசமாகாது என்று சொன்னால் போதும்.

மகள் பணம் கட்டியதால் நீங்கள் நுகர்வோர் இல்லையோ என்ற பயம் வேண்டாம். பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் நுகர்வோரே என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. மகளையும் உடன் மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள், எந்தக் கேள்வியும் எழாது. வழக்கு எங்கே என்றால், தஞ்சாவூரில். அதே சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே புகார் தர அனுமதிக்கிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது. எத்தனையோ பேர் அதனாலேயே வெளியூர் ஹோட்டல்களை விட்டுவிட்டார்கள். எந்த ஆணையம் என்பதை இப்போது நகை மதிப்பு தீர்மானிப்பதில்லை, சேவைக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இணையத்தில் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாகவே தாக்கல் செய்யலாம், காணொலியில் விசாரிக்கச் சொல்லியும் கேட்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. அதற்காகக் காத்திருக்காதீர்கள். பதிவுகளைப் பாதுகாக்கச் சொன்ன கடிதத்துக்கு 15 நாளில் சரியான பதில் இல்லையென்றால் தாக்கல் செய்துவிடலாம்.

மிகப் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: அந்த லாக்கரில் நகை இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? சங்கிலிக்கு கடை பில் இருக்கிறது என்கிறீர்கள், நல்லது. தோட்டுக்கு இல்லை. அம்மா போட்ட நகைக்கு எந்த வீட்டில் பில் இருக்கும்? யோசித்துப் பாருங்கள், அந்தத் தோட்டையோ அதோடு சேர்த்து மற்ற நகைகளையோ எப்போதாவது வங்கியில் அடகு வைத்ததுண்டா? மகள் கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ வைத்திருந்தால், நகைக்கடன் ரசீதில் மதிப்பீட்டாளர் பொருளின் விவரத்தையும் எடையையும் தன் கையெழுத்தோடு எழுதியிருப்பார். நம் ஊரில் பழைய நகைக்கு அதைவிட நம்பகமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் ரசீதைத் தொலைத்திருந்தாலும் வங்கியில் கேட்டுப் பாருங்கள். கூடவே கல்யாண ஆல்பம், பத்தர் பழுதுபார்த்த சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். முழு மதிப்பும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. சங்கிலியின் மதிப்பு, அலைக்கழிப்புக்கு இழப்பீடு, செலவுத் தொகை இவற்றுக்கு உங்கள் வழக்கு பலமானது. தோட்டுக்கு ஆதாரத்தைப் பொறுத்தது.

சர்வீஸ் சார்ஜைப் பொறுத்தவரை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைக் கட்டாயமாகப் போடக்கூடாது என்றது. அதைச் சரி என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் தீர்ப்பளித்தது, அதை எதிர்த்து ஹோட்டல் தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள், மனுவிலும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைக்குப் போட்ட 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி, அதில் பிரச்சினை இல்லை.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். இந்த வழக்கில் அவர்தான் முதல் சாட்சி. அறை எடுத்த மின்னஞ்சல் அவரிடம் இருக்கிறது. முதல் நாள் மாலை ஜன்னலோரம், பின்னால் கடலும் ஸீ லிங்க் பாலமும் தெரிய, நீங்கள் சங்கிலியும் தோடும் போட்டுக்கொண்டு நின்றதை அவர் தன் போனில் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நகை அந்த அறைக்குள் வந்து சேர்ந்ததற்கு அந்தப் படமே ஆதாரம். எடுத்த தேதியும் நேரமும் மூலப் படத்துக்குள் இருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் அந்த விவரம் போய்விடும். அந்த போனை மாற்றவோ, ரீசெட் செய்யவோ வேண்டாம். மூலப் படத்தை ஒரு பென் டிரைவில் எடுத்து, புதிய சாட்சியச் சட்டத்தில் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) மின்னணு ஆதாரத்துக்கான 63-வது பிரிவுச் சான்றிதழில் தனக்குரிய பகுதியில் மகள் கையெழுத்துப் போட்டு (நிபுணர் கையெழுத்திடும் பகுதி தனி) இந்த வாரத்துக்குள் உங்களுக்கு அனுப்பட்டும்.