என்னைப் பார்த்து சிரிப்பாங்கன்னு அப்பா பயப்படறார், நான் காமெடி பண்ணலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயசு. செரிப்ரல் பால்ஸி இருக்கு, நடை கொஞ்சம் ஆடும், பேச்சு இழுக்கும். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல காமெடி பண்ணி நல்லா கைதட்டு வாங்கியிருக்கேன். ஸ்டாண்ட்-அப் பண்ணணும், எழுதணும், மேடையில பேசணும்னு எல்லாத்துலயும் ஆசை. அப்பா பேங்க் எக்ஸாமுக்குப் படிங்கறார், ஊரே உன்னைப் பார்த்து சிரிக்கும்னு பயப்படறார். நான் எதைத் தேர்ந்தெடுக்கறது? – திருச்சி வாசகி

பதில்: தங்கச்சி, உன் லெட்டரைப் படிச்சதும் ஜெரி ஜூவல்தான் ஞாபகம் வந்தாங்க. அமெரிக்காக்காரங்க, 1956ல பிறந்தவங்க, அவங்களுக்கும் செரிப்ரல் பால்ஸி. 1978ல லாஸ் ஏஞ்சலஸ்ல காமெடி ஸ்டோர்ங்கற பேர்போன கிளப்ல மேடை ஏறி தன்னோட நடையையும் பேச்சையும் வச்சே ஜோக் சொன்னாங்க. அப்பாவோட பயம் எனக்குப் புரியுது, ரோட்டுல எவனோ சிரிச்சா வலிக்கத்தான் செய்யும், ஆனா மேடையில எதுக்கு சிரிக்கணும், எப்ப சிரிக்கணும்னு முடிவு பண்றது மைக் யார் கையில இருக்கோ அவங்கதான், கீழ உக்காந்திருக்கறவங்க சிரிக்கலாமா வேண்டாமான்னு நெளியறப்ப அந்தத் தயக்கத்தை ஜெரியே முதல்ல போட்டு உடைச்சிடுவாங்க.

1980ல ஃபேக்ட்ஸ் ஆஃப் லைஃப் சீரியல்ல பிளேர்ங்கற பொண்ணோட கஸினா வந்தாங்க, அதுலயும் காமெடி பண்ற பொண்ணாவேதான். அமெரிக்க டிவியோட பிரைம் டைம்ல ஒரு மாற்றுத்திறனாளிக்கு அப்படித் திரும்பத் திரும்ப வர்ற ரோல் கிடைச்சது அதுதான் முதல் தடவை. படுக்கையில கிடந்து எல்லாரையும் அழ வைக்கிற ரோல் இல்லம்மா அது, பேரும் ஜெரிதான், அவங்க அவங்களாவே வந்தாங்க.

இப்ப நான் சொல்லப்போறதைக் கவனமா கேளு. 1984ல அந்த ரோல் முடிஞ்சுது, அடுத்த பெரிய ரோல் 2004ல எச்பிஓ சேனல்ல வந்த டெட்வுட் சீரியல், அதாவது நடுவுல 20 வருஷம்! சின்னச் சின்ன ரோல் வந்துச்சு, ஆனா அதை மட்டும் நம்பி உக்காரல, மேடைப் பேச்சுக்குப் போனாங்க, மாற்றுத்திறனாளிகளோட எப்படி வேலை செய்யணும்னு கம்பெனிகளுக்கு டிரெய்னிங் கொடுத்தாங்க, அங்கயும் ஆளுங்களை உக்கார வச்சு கேக்க வச்சது அதே காமெடி டைமிங்தான். 1984ல ஒரு சுயசரிதை வந்துச்சு, 2011ல இன்னொண்ணு. ரெண்டாவதுல தன்னோட பணத்தை மத்தவங்க ஏமாத்தினதையும், தான் தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்கறதையும் ஒளிக்காம எழுதினாங்க. டெட்வுட் ரோலும் ஆடிஷன்ல வந்ததில்ல, அந்த சீரியலை உருவாக்கின டேவிட் மில்ச் ஒரு கடையில தற்செயலா அவங்களைப் பார்த்துட்டுக் கூப்பிட்டார். முதல் சீசன் முடிவுல அவங்க டாக்டரோட டான்ஸ் ஆடற சீன் இருக்கு, கண்டிப்பா பாரு.

அதனால எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்காத. எழுத்து, பேச்சு, காமெடி மூணையும் வச்சுக்கோ, ஒண்ணு தூங்கறப்ப இன்னொண்ணு சோறு போடும். பேங்க் எக்ஸாமும் எழுது, அப்பாவுக்காக இல்ல, உன் வாடகையை நீயே கட்டினா பிடிக்காத ரோலுக்கு தைரியமா முடியாதுன்னு சொல்லலாம். 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில 4% இடஒதுக்கீடு இருக்கு, செரிப்ரல் பால்ஸியும் அதுல வருது, எக்ஸாம்ல மணிக்கு 20 நிமிஷம் கூடுதலா கேக்கலாம், அப்ளிகேஷன் போடும்போதே கேட்டுடு. ஷோவுக்குப் பணம் வர ஆரம்பிச்சா அக்கவுண்ட் உன் பேர்லயே இருக்கட்டும், கையெழுத்துப் போடற பேப்பரை முழுசா படி, சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.

முதல்ல ஒரு அஞ்சு நிமிஷம் எழுது. உன் பேச்சு இழுக்கற வேகத்துக்கே எழுது, ஓடிப்போய் பஞ்ச் லைனைப் பிடிக்காத, நீ விடற அந்த கேப்லயே ஆளுங்க காத்திருப்பாங்க. புதுசா வர்றவங்க யாரும் மேடை ஏறலாம்ங்கற ஓப்பன் மைக் ஷோ நாலஞ்சுல சொல்லிப் பாரு. முதல் தடவையே அப்பாவைக் கூட்டிட்டுப் போகாத, அன்னிக்கு யாரும் சிரிக்கலன்னாலும் அவருக்கு வலிக்கும், சிரிச்சாலும் வலிக்கும். அந்த அஞ்சு நிமிஷம் உன் கைக்குள்ள வந்தப்புறம் கூப்பிடு.