தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆரோக்கியமான பழக்கங்களை வளர்ப்பது எப்படி?

மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், எவ்வளவு சொன்னாலும் காதில் வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘எவ்வளவு சொன்னாலும்’ என்பதில்தான் சிக்கல். காங்கேயம் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 19 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒரு தண்ணீர்க் கதை சொல்கிறேன். எங்கள் பக்கம் மாசி பிறந்தாலே வெயில் மண்டையைப் பிளக்கும். அப்படியும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் சாயங்காலம் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பின. படம் வரைந்து சுவரில் ஒட்டினோம். காலை இறைவணக்கக் கூட்டத்தில் பேசினேன். பாட்டில் மூடி திறக்கவில்லை. ஒரு மத்தியானம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் குடித்தால் அங்கே போக வேண்டிவரும். போனால் தோழி ஒருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். மணி அடித்ததும் அவள் ஓடிவிட்டால்? குடிக்காமல் இருப்பதே மேல் என்று எட்டு வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரையும் அடக்கினால் தொற்று வரும், மலச்சிக்கல் வரும் என்று நான் கூட்டத்தில் விளக்கியது அவர்களுக்கு எதற்கு உதவும்?

தச்சு வேலை செய்யும் ஒரு தகப்பனார் தாழ்ப்பாள் வாங்கி வந்து, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டிக்கொடுத்தார். உள்ளே ஒரு வாளி, ஒரு குவளை, சோப்பு வைத்தோம். இரண்டு வாரத்தில் பாட்டில்கள் காலியாகத் திரும்பின. அன்று வரை பேசிய பேச்சை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே உங்கள் மகனிடம் இன்னொரு முறை சொல்வதற்கு முன்னால், வீட்டில் எது அவனை மறிக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் ஊரில் மறிப்பது பெரும்பாலும் நேரம். தகப்பன், தாய் இருவரும் கம்பெனி வேன் ஏறித் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர ஒன்பது ஆகும். அதற்கு மேல் உலை வைத்து, சாப்பிட்டு, பிள்ளை படுக்கும்போது பதினொன்று. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எட்டுகூடத் தேறாது. பத்து மணிப் பாடத்தில் நோட்டின் மேலேயே தூங்கி வழிந்த ஒருத்தியின் அம்மாவை வரச்சொல்லி, கண்டிப்பதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் வந்து, “அந்த ரெண்டு மணி நேரந்தானுங்க டீச்சர், என் பிள்ளை முகத்தை நான் பார்ப்பது” என்றார். அடுக்கியதையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். பிறகு இருவரும் பேசி ஒரு வழி கண்டோம். ஏழரைக்கே அப்பத்தா பருப்புச் சோறு ஊட்டிவிடுவார்; அம்மா வந்ததும் பிள்ளை மடியில் கொஞ்ச நேரம்; ஒன்பதரைக்கு விளக்கையும் கைப்பேசியையும் அணைத்துவிடுவது. சனிக்கிழமை மட்டும் இது நடக்காது. சம்பள நாள், பரோட்டா வரும். போகட்டும், நானும் கேட்பதில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு வருவது இப்போது குறைந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு தருகிறார்கள். கிச்சடி நாளில் காய்கறியை ஓரம் ஒதுக்கும் பிள்ளைகூட, பக்கத்துத் தட்டு காலியாவதைப் பார்த்துத் தின்றுவிடும். வீட்டிலும் அவனைத் தனியே உட்காரவைத்து ஊட்டாதீர்கள், உங்களோடு சாப்பிடட்டும்.

தீனி விஷயத்தில் சட்டமே இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்தவற்றைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்பது 2020இல் வந்த விதி. எங்கள் பிள்ளைகளுக்கு ஐம்பத்தோராவது மீட்டர் எங்கே என்று நன்றாகத் தெரியும். கையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு பாக்கெட் வாங்காதே என்றால் எப்படி? வறுத்த நிலக்கடலையை அவன் கைக்கு எட்டும் டப்பாவில் போட்டுவையுங்கள்.

பல்லைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். “விழுந்து முளைக்கிற பல்தானே” என்று விட்டுவிடாதீர்கள். ஆறு வயதை ஒட்டிப் பாற்பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல், எந்தப் பாற்பல்லும் விழாமல் புதிதாக வருவது. அது சொத்தையானால் மறுபடி முளைக்காது. ராத்திரி நீங்களும் அவன் பக்கத்தில் நின்று பல் துலக்குங்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேர விளையாட்டும் வேண்டும். சட்டை அழுக்காகும் என்று திட்டாமல் இருந்தால் போதும், மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

போன மாதம் அந்தத் தாழ்ப்பாள் மறுபடி ஆட்டம் கண்டது. நான் கவனிப்பதற்கு முன்பே, நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கழன்று விழுந்த திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள்.