அமெரிக்காவில் கல்லூரிக் கடன் கட்டக் கட்டக் குறையாதது ஏன்? சேரும் முன்பே சுமையைக் குறைக்க வழி உண்டா?

குறையாததற்குக் காரணம் வட்டி. 60,000 டாலர் கடனுக்கு 7 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் 350 டாலர். வருமானத்தை வைத்துத் தவணை போடும் திட்டத்தில் ஒருவருக்கு 200 டாலர்தான் வருகிறது என்றால், ஒரு மாதம் தவறாமல் கட்டினாலும் பாக்கி மாதம் 150 டாலர் ஏறும். பல வருடம் கட்டியும் வாங்கியதைவிட அதிகம் பாக்கி நிற்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுவது அநியாயம். 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் தொடங்கும் ஆர்.ஏ.பி. (Repayment Assistance Plan) என்ற, வருமானத்தை வைத்துத் தவணை போடும் திட்டத்தில், தவணையை நாள் தவறாமல் கட்டினால் மிஞ்சும் வட்டி தள்ளுபடி. ஆனால் மீதிக் கடன் ரத்தாக 30 வருடம் ஆகும். பைடன் அரசின் பெரிய தள்ளுபடித் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்று ரத்து செய்துவிட்டதால், இன்னொரு தள்ளுபடியை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சுமை எவ்வளவு என்பது கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அதில் உதவி என்று போட்டிருக்கும் மொத்தத் தொகையை அப்படியே நம்பக் கூடாது. ஓர் உதாரணம்: வருடச் செலவு 38,000 டாலர், உதவி 30,000 என்று போட்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) 9,000, மாணவர் பெயரில் கடன் 5,500, ஒர்க் ஸ்டடி 2,500, பெற்றோர் பெயரில் பேரண்ட் பிளஸ் என்ற அரசுக் கடன் 13,000. கடன் திருப்பிக் கட்ட வேண்டியது. ஒர்க் ஸ்டடி பிள்ளை வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. கிராண்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழியுங்கள். நிஜச் செலவு 29,000; கட்டணம் ஏறாவிட்டாலும் நான்கு வருடத்துக்கு 1,16,000. ஸ்காலர்ஷிப் நான்கு வருடமும் உண்டா, எந்த ஜி.பி.ஏ.வுக்கு (மதிப்பெண் சராசரிக்கு) கீழே போனால் நிற்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேரண்ட் பிளஸ் பக்கம் கடைசியாகப் போங்கள். 2025-26-க்கு அதன் வட்டி 8.94 சதவீதம். தவிர 4.228 சதவீதக் கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள்: 13,000-க்குக் கையெழுத்துப் போட்டால் கல்லூரிக்குப் போவது சுமார் 12,450, வட்டியோ முழு 13,000-க்கும் ஓடும். அதற்கு முன்னால் மாணவர் பெயரில் கிடைக்கும் அரசுக் கடன். முதல் வருடம் 5,500 வரை, அதில் சப்சிடைஸ்டு வகை அதிகபட்சம் 3,500. படிக்கும் காலத்தில் அந்த வட்டியை அரசே கட்டும். வருமானம் கூடுதலான வீடுகளுக்கு 5,500-ம் அன்சப்சிடைஸ்டாகவே வரும்; அதாவது படிக்கும் காலத்து வட்டியும் மாணவர் தலையில்தான். 2025-26-க்கான 6.39 சதவீதத்தில் வருடத்துக்கு 351 டாலர், மாதம் 29. படிக்கும்போதே இந்த 29 டாலரைக் கட்டிவந்தால், முதல் வருடக் கடன் பட்டம் வாங்கும்போதும் 5,500-ஆகவே இருக்கும்.

சம்பளம் அதிகம், எதுவும் கிடைக்காது என்று பலர் ஃபாஃப்ஸா (FAFSA) என்ற அரசு நிதியுதவி விண்ணப்பத்தை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் இந்த அரசுக் கடன் எதுவும் கிடையாது. அதில் போவது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம். 2026-27-க்கு 2024 கணக்கு. நடுவில் வேலை போயிருந்தால், பணிநீக்கக் கடிதத்துடன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில்) இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசு உதவி கிடையாது. அமெரிக்காவிலேயே பிறந்து குடியுரிமை உள்ள பிள்ளைக்கு உண்டு, பெற்றோர் ஹெச்-1பி என்றாலும். அம்மாவுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாததும் தடையல்ல.

செலவை உண்மையிலேயே குறைப்பது, முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த உள்ளூர்க் கல்லூரியில்) படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கு மாறுவது. இதில் சிக்கல் வருவது கிரெடிட்டில், அதாவது முடித்த பாடங்களுக்கான புள்ளிகளில். மொத்த கிரெடிட்டும் ஏற்கப்பட்டாலும், சில பாடங்கள் எலக்டிவாக (விருப்பப் பாடமாக) மட்டும் போய், மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) கணக்காகாமல் போகலாம். பொறியியலில் கால்குலஸ், இயற்பியல் வரிசையில் ஒன்று விட்டுப்போனாலும் மேல் பாடங்கள் காத்திருக்கும், ஒரு செமஸ்டர் கூடும். அதனால் முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன்பே, எடுக்கப்போகும் மேஜருக்கு இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே உள்ள மாற்றல் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.