ஆல்-எஸ்இசி டீம் யாருடன் ஆடும்?

தம்பி, அலபாமாவில் உங்கள் பர்மிங்ஹாம் ஆபீசில் "நம்ம பையன் ஆல்-எஸ்இசி ஃபர்ஸ்ட் டீம்" என்று இந்த வாரம் முழுக்க ஒரே கொண்டாட்டம், அந்த டீம் எப்போது யாருடன் ஆடும் என்று கேட்டிருந்தீர்கள்.

அது ஆடவே ஆடாது. துலீப் டிராபிக்குத் தென்மண்டல அணியை எடுத்தால் அவர்கள் மைதானத்தில் இறங்குவார்கள். இது வெறும் பட்டியல். இங்கே கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையால் வீசியும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) பல்கலைக்கழகங்கள் வட்டாரவாரியாக கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பு அமைத்து ஆடுகின்றன. தென்கிழக்குக்கு எஸ்இசி, அதாவது சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ். 1932-ல் தொடங்கியது, தலைமை அலுவலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2024-ல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்த பிறகு 16 பல்கலைக்கழகங்கள். சீசன் முடிந்ததும் டிசம்பரில், இந்த 16-க்குள் ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்தவர் யார் என்று பெயர்களை வெளியிடுவார்கள். ஜூலையில் வருவது வெறும் கணிப்பு, அதை விட்டுவிடுங்கள்.

பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) பட்டியல் ஒன்று, பயிற்சியாளர்கள் வாக்களிப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிது. அதில் எந்தக் கோச்சும் தன் பையனுக்கு வாக்களிக்க முடியாது. அலபாமா ஆட்டக்காரர் ஒருவர் பட்டியலில் வருகிறார் என்றால், அவரிடம் அடிவாங்கிய எதிரணிகளான ஆபர்ன், ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் கோச்சுகள் கை தூக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதிரி வாயால் வரும் பாராட்டுக்கு உள்ள மதிப்பே தனி.

பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளி) என்று கணக்கு இருக்கிறது. முன்வரிசையில் நின்று அவரைக் காக்கும் ஐந்து லைன்மேன்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு ஆபர்ன் ரசிகர்தான் எனக்கு இதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பந்து போகிற பக்கம் பார்க்காதே, இடது ஓரத்தில் நிற்கும் டாக்கிள் என்ற லைன்மேனின் காலைப் பார் என்பார். முந்நூறு பவுண்டு ஆள் சின்னச் சின்ன அடி வைத்துப் பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் எதிராளியின் மார்பில் ஊன்றி, மூன்று விநாடி தாக்குப்பிடிக்கிறார். அந்த மூன்று விநாடியில்தான் குவார்ட்டர்பேக் பந்தை வீசுகிறார். இந்த உழைப்பு ஸ்கோர்கார்டில் ஏறாது. ஆல்-எஸ்இசி பட்டியலில் ஏறும். அதனால் பட்டியலை எடுத்தால் நான் முதலில் படிப்பது அந்த ஐந்து பெயர்களைத்தான்.

அலபாமாவில் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் அணியே கிடையாது. இங்குள்ளவர்களுக்குச் சொந்த அணி என்றால் கல்லூரி அணிதான். பெருமையும் சண்டையும் அதை வைத்துத்தான். மற்ற வட்டாரங்களில் இந்த மண்வாசனை குறைந்துவருவது எனக்கு வருத்தம். பெயரில் பத்து இருக்கும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள், நியூ ஜெர்சியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை.

ஆபீசில் பேசும்போது எதிரில் இருப்பவர் 'ரோல் டைட்' என்று முழங்கும் அலபாமா கட்சியா, 'வார் ஈகிள்' என்று முழங்கும் ஆபர்ன் கட்சியா என்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், "உங்கள் லைன்மேன் யாராவது வந்திருக்கிறாரா?" என்று கேட்டுப் பாருங்கள். மதிய இடைவேளை முழுக்க அவர் பேசுவார்.

பட்டியலில் உள்ளவர்களை நேரில் பார்க்க ஆசை என்றால் அலபாமாவின் மொபீல் நகரில் நடக்கும் சீனியர் போல் என்ற ஆட்டத்துக்குப் போங்கள். பர்மிங்ஹாமிலிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரம். கல்லூரி ஆட்டத்தை முடிக்கும் வீரர்களை நாடு முழுவதிலிருந்தும் அழைத்து நிஜமாகவே மோதவிடுவார்கள். இந்தப் பட்டியல்காரர்கள் சிலரும் அதில் இருப்பார்கள்.