குரூப் 4 தேர்ச்சிக்கும் முதல் சம்பளத்துக்கும் இடையில்: கையிலிருக்கும் வேலையை எப்போது விடலாம்?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவள், வயது 27. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 19,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். விடுதி, சாப்பாடு, மற்றச் செலவுகள் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் ஆகிறது. வீட்டுக்கு 5,000 அனுப்புகிறேன். மீதி 3,000 சேமிப்பு. இதுவரை 42,000 சேர்ந்திருக்கிறது. அம்மாவின் நகை 1,20,000 ரூபாய்க்கு, ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் அடகில் இருக்கிறது. குரூப் 4 தேர்வில் நல்ல தரவரிசை வந்திருக்கிறது. சான்றிதழ்களைப் பதிவேற்றிவிட்டுக் கலந்தாய்வு அழைப்புக்குக் காத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வந்து குரூப் 2-க்குப் படிக்கச் சொல்கிறார் அப்பா. தவணையில் ஸ்கூட்டர் எடுத்துத் தருகிறேன், சம்பளம் வந்ததும் கட்டிக்கொள் என்கிறார் மாமா. வேலையை எப்போது விடலாம்? கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் உழைப்புக்குக் கிடைத்த தரவரிசை இது, மனமார்ந்த வாழ்த்துகள். பணி நியமன ஆணை கையில் வரும் வரை இப்போதைய வேலையை விடாதீர்கள். தரவரிசைப் பட்டியலில் பெயர் வருவதும், சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுவதும், கலந்தாய்வில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுப்பதும் வேலையை நோக்கிய படிகளே தவிர, வேலை அல்ல. காலியிடங்களைவிடக் கூடுதலானவர்கள் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுவது வழக்கம் என்பதையும், அழைப்பு வந்ததாலேயே நியமனம் உறுதியாகிவிடாது என்று இந்தத் தேர்வை நடத்தும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே தெளிவாகச் சொல்வதையும் அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்றுதான் வந்தது. 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வுக்கோ அதே ஆண்டு அக்டோபர் 28 அன்றே முடிவு வந்துவிட்டது. முடிவுகள் விரைவாக வரத் தொடங்கியிருப்பது நல்ல செய்திதான். ஆனால் அதற்குப் பிந்தைய வேகம் தேர்வாணையத்தின் கையில் மட்டும் இல்லை. கலந்தாய்வில் நீங்கள் தேர்ந்தெடுத்த துறைக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்து, அந்தத் துறை எந்த ஊரில் எந்த அலுவலகம் என்று முடிவு செய்து ஆணை வழங்க வேண்டும். சில துறைகள் சில வாரங்களில் முடித்துவிடுகின்றன, சில மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இன்னும் ஆறு மாதம் இதே வேலையில் இருப்பதாக வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. முன்னதாக ஆணை வந்தால் அதில் நட்டம் ஒன்றுமில்லை.

அந்த ஆறு மாதமும் சும்மா காத்திருக்கும் காலம் அன்று. உங்கள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னும் மற்றொன்றில் பின்னும் இருப்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் பணியில் சேர்ந்த பிறகு சம்பளம் வழங்கும் கணினி அமைப்பில் உங்கள் விவரங்களை ஏற்றும்போது இத்தகைய வேறுபாடுதான் முதல் சம்பளத்தைத் தள்ளிப்போட வைக்கும். தமிழ் வழியில் பயின்றதற்கான 20 விழுக்காடு முன்னுரிமையை நீங்கள் கோரியிருந்தால், அதற்குரிய சான்றுகளின் மூலப் பிரதிகளையும் தனி உறையில் எடுத்து வையுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். நியமன ஆணை கிடைத்த மாதத்தோடு பணத் தட்டுப்பாடு தீர்வதில்லை. உண்மையில் அப்போதுதான் அது தொடங்குகிறது. நிறுவனத்தின் கடைசிச் சம்பளம் வந்து நின்றுவிடும். புதிய அலுவலகத்தில் சேர்ந்து பணியேற்பு அறிக்கை கொடுத்து, பணிப்பதிவேடு தொடங்கப்பட்டு, பணியாளர் எண்ணும் ஓய்வூதியக் கணக்கு எண்ணும் உருவாகி, உங்கள் பெயரில் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போவதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடுவது அரிதன்று. அந்த மாதங்களின் சம்பளம் எங்கும் போய்விடாது, நிலுவையாகச் சேர்த்தே வரும்; ஆனால் அதுவரை வாடகையும் சாப்பாடும் காத்திருக்காது.

எனவே நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். உங்கள் சொந்தச் செலவு நான்கு மாதத்துக்கு 44,000 ரூபாய். வீட்டுக்கு அனுப்புவது 20,000. புதிய ஊரில் வீடு பிடித்துக் குடியேற, முன்பணம், பாத்திரம் பண்டம், பயணம் என்று 20,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். நகைக்கடனுக்கு ஓராண்டு வட்டி 10,800. கெடு தேதி இந்த இடைவெளியில் வந்து விழுந்தால் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கவாவது அந்தத் தொகை வேண்டும். மொத்தம் 94,800 ரூபாய். உங்களிடம் இருப்பது 42,000. ஆறு மாதச் சேமிப்பையும் சேர்த்தால் 60,000.

பற்றாக்குறை பெரிதாகத் தெரிந்தாலும் கடன் வாங்காமலே இதைச் சரிக்கட்டலாம். அந்த நான்கு மாதம் மட்டும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதை இப்போதே அப்பாவிடம் பேசி முடிவு செய்துவிட்டால் தேவை 74,800 ஆகக் குறையும். புதிய ஊரில் தனி வீடு எடுக்காமல் பெண்கள் விடுதியில் தங்கினால் குடியேறும் செலவு 8,000 ரூபாய்க்குள் அடங்கும், தேவை 62,800. இப்போது பற்றாக்குறை மூவாயிரத்துக்கும் குறைவே. விடுதியை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இளநிலை உதவியாளராகச் சேர்ந்தால் ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் உள்ள அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். தகுதிகாண் பருவத்தை முடிக்க அந்தப் பயிற்சி தேவை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வாடகை கொடுப்பது முதலாண்டில் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

வேலையை விடும் முறையிலும் கவனம் வேண்டும். உங்கள் நிறுவனம் எத்தனை நாள் முன்னறிவிப்பு கேட்கிறது என்பதை இன்றே பணி ஒப்பந்தத்தில் பாருங்கள். நியமன ஆணையில் பணியில் சேரக் கெடு குறிப்பிட்டிருக்கும். முன்னறிவிப்புக் காலம் அதைவிட நீண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கால நீட்டிப்புக்கு மனு கொடுக்க வழியுண்டு என்றாலும், அது கிடைத்தே தீரும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். கலந்தாய்வு முடிந்ததுமே மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவைப்பது நல்லது. விடுவிப்புக் கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிப் பணத்தை இந்த இடைவெளிச் செலவுக்கு நம்பாதீர்கள்.

இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். 2025 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட 58 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,810 வருகிறது. இதில் 10 விழுக்காடு, அதாவது 3,081 ரூபாய், ஓய்வூதியத்துக்குப் பிடிக்கப்படும். மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி ஆகியவற்றுக்கும் சில நூறு ரூபாய் போகும். ஊருக்கு ஊர் மாறும் வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமல், கையில் வருவது ஏறத்தாழ 27,000. ஸ்கூட்டர் தவணையை இந்தத் தொகையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஊரார் சொல்லும் தொகையை வைத்து அல்ல. மாமாவின் அன்பை மறுக்கச் சொல்லவில்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

சேரும் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளை ஒட்டி வழங்கப்படுகிறது. கெடுவுக்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் சேரலாம் என்ற நிலை இருந்தால், ஏப்ரல் முதல் வாரத்தைவிட மார்ச் கடைசி வாரத்தில் சேர்வது உங்கள் ஊதிய உயர்வை மூன்று மாதம் முன்னதாகவே பெற்றுத் தரும்.

சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கலந்தாய்வு தரவரிசைப்படி நடக்கிறது. காலியிடங்கள் அரங்கிலேயே திரையில் காட்டப்படுகின்றன. 2019 குரூப் 4 தேர்வில் இடைத்தரகர்களை நம்பியவர்கள் பணத்தோடு தேர்வெழுதும் தகுதியையும் இழந்தார்கள்.

குரூப் 2-க்குத் தாராளமாகப் படியுங்கள், ஆனால் வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். மூன்று மாத நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்து விழும் நாளில் 80,000 ரூபாயை ஒட்டிய தொகை உங்கள் கணக்கில் இருக்கும். அதில் முதலில் ஒரு மாதச் செலவை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்கு நிறுத்திவைத்த 20,000 ரூபாயை அனுப்புங்கள். மீதி முழுவதையும் நகைக்கடனின் அசலில் கட்டுங்கள்.