காசு சுண்டி ஜெயித்த கப்பு

அன்புள்ள அண்ணன்,

2024 பிப்ரவரியில் டாக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்கள் தெற்காசியக் கால்பந்து இறுதி ஆட்டத்தை இப்போதுதான் யூடியூபில் பார்த்தேன். டாஸில் ஜெயித்தது இந்தியா. பிறகு வங்கதேசத்துக்கும் கப்பில் பங்கு கொடுத்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா? கிரிக்கெட் என்றால் விட்டிருப்பார்களா?

ஜெபின், தூத்தூர்

அன்புள்ள ஜெபின்,

கிரிக்கெட்டை விடுங்கள். டாஸ் போட்டதுதான் அநியாயம். இந்தியாவின் சிபானி தேவி அடித்த கோலை வங்கதேசத்தின் சாகரிகா கடைசி நேரத்தில் சமன் செய்தார். பெனால்டியில் கோல்கீப்பர்கள் உட்பட 22 பேரும் அடித்தார்கள், ஒருத்திகூட தவறவிடவில்லை. 11-11. விதிப்படி மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். 1968 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதியில் சோவியத்தை இத்தாலி காசு சுண்டித்தான் வென்றது. அந்தக் கூத்து வேண்டாம் என்றுதானே 1970இல் சமனான ஆட்டத்தைப் பெனால்டியில் முடிக்கிற முறையே வந்தது? காசில் கிடைத்ததைப் பங்கு வைத்ததற்கு உமக்கு என்ன அவ்வளவு வருத்தம்?

சரி, நான் ஒன்று கேட்கிறேன். மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராபி கால்பந்து ஆட்டக்காரர்களைப் பெற்ற கரை உங்களுடையது. சாயங்காலம் அந்த மணலில் ஒரு பெண்பிள்ளை பந்தைத் தொட்டு எப்போது பார்த்தீர்கள்? டாக்காவில் ஆடியவர்களுக்காக யூடியூபில் பொங்குகிறீர்கள். உங்கள் தங்கச்சி நாலரை மணிக்கு எங்கே இருக்கிறாள்?

என் பெரியம்மா மகள் எங்கள் கரையில் கோலி நின்றவள். ஆள் குறைந்ததால்தான் பையன்கள் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் துடுப்பை நட்டால் கோல் போஸ்ட். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் விழுவாள். எழும்போது பல்லிலெல்லாம் மணல் இருக்கும், துப்பிவிட்டுச் சிரிப்பாள். பந்து கடலுக்குள் போனால் நீந்தி எடுத்துவருவதும் அவள்தான். சமைந்த வாரத்தோடு எல்லாம் நின்றது. மறுநாள் கோலி நிற்க நான் போனேன். ஏழு கோல் வாங்கினேன். ஏன் அக்கா வரவில்லை என்று ஒருவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் உம்மைத் திட்டுகிற தகுதி எனக்குப் பாதிதான்.

உங்கள் கடிதம் வந்த அன்று அந்தப் பெனால்டிகளை அக்காவுக்குப் போனில் காட்டினேன். மீன் வெட்டிய கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கோலிகள் அடிக்க வந்தபோது மட்டும் குனிந்து பார்த்தாள். காசைச் சுண்டியதும் நிமிர்ந்துவிட்டாள்.

"இன்னொரு சுத்து அடிக்கச் சொல்லக்கூடாதா? பிள்ளைகளுக்கு காலென்ன களண்டா போச்சு?"