கடையில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம்

கேள்வி: கோட்டும் பேன்ட்டும் தனித்தனியாக எடுத்தேன். கடையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். வெளியே வந்தால் பேன்ட் மட்டும் லேசாகப் பச்சையடிக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. கடைக்காரர் கண்ணுக்கும் அங்கே அவை ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

துணியில் இருக்கும் சாயம், தன் மேல் விழும் ஒளியில் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் நிறம் என்கிறோம். நம் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் மூன்றே வகை. உள்ளே வருகிற ஒளி எவ்வளவு சிக்கலான கலவையாக இருந்தாலும், மூளைக்குப் போவது அந்த மூன்றின் கணக்குதான். அதனால் வெவ்வேறு சாயம் ஏறிய இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே கணக்கைத் தந்து, வேறு விளக்கின் கீழ் பிரிந்துபோகலாம். சாயத் தொழிலில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். இதைக் கண்டுபிடிக்கவே சாயப் பட்டறைகளில் பல விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். உங்கள் கோட்டும் பேன்ட்டும் வேறு வேறு இடத்தில் சாயம் ஏறியவையாக இருக்கும்.

அடுத்த முறை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வாசலுக்கோ ஜன்னலுக்கோ கொண்டுபோய்ப் பாருங்கள். பிறகு மஞ்சள் விளக்கு எரியும் ஒரு மூலையிலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒத்துப்போனால் எடுக்கலாம். போனில் படம் எடுத்து ஒப்பிடுவது வீண் வேலை; கேமரா தன் இஷ்டத்துக்கு வெண்மையைச் சரிசெய்துகொள்ளும். வெளியே கொண்டுபோய்ப் பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில், நிறம் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கும் மறுத்தால், ஜோடி சேர்க்க வேண்டிய துணியை அங்கே எடுக்காதீர்கள்.

கேள்வி: எல்.இ.டி. பல்புக்கு மாறியதிலிருந்து கண்ணாடியில் முகம் நோயாளி முகம் போல் இருக்கிறது. 'வார்ம்' வாங்கியிருந்தால் சரியாக இருந்திருக்குமா?

பதில்: ஓரளவுக்குத்தான். அட்டையில் 2700 கெல்வின், 6500 கெல்வின் என்று இருப்பது வெளிச்சம் மஞ்சளா நீலமா என்பதை மட்டும் சொல்லும். நீங்கள் தேட வேண்டியது, அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண்.

பழைய குண்டு பல்பில் கம்பி சூடேறி எரிந்தது. அந்த ஒளியில் எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் இருந்தது. வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பதோ பெரும்பாலும் 450 நானோமீட்டர் அளவில் நீலம் உமிழும் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக வெளியிடுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. மலிவான பல்பில் அடர்சிவப்பு குறைவு. விளக்கிலிருந்து வராத சிவப்பை உங்கள் தோல் எங்கிருந்து திருப்பி அனுப்பும்?

சி.ஆர்.ஐ. அதிகபட்சம் 100. சாதாரண பல்புகள் 80-ஐ ஒட்டி இருக்கும். கண்ணாடிக்கு மேலும் துணி அலமாரிக்கு அருகிலும் 90-க்கு மேல் வாங்குங்கள். மாடிப்படிக்கு 80 போதும். ஒரு சூட்சுமம்: இந்த எண் எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி. அடர்சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. அதைத் தனியாக ஆர்9 என்று குறிக்கிறார்கள். ஆர்9 மதிப்பையும் அச்சிடும் கம்பெனி மறைக்க ஒன்றும் இல்லாத கம்பெனி என்பது என் அனுமானம். எண்ணே போடாத பல்ப் என்றால், எரியவிட்டு உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். ரத்தமில்லாதது போல் சாம்பல் பூத்துத் தெரிந்தால் வேண்டாம்.

கேள்வி: இரவில் சைக்கிள் ஓட்டுகிறேன். பளீர் மஞ்சள் ஜாக்கெட் போதுமா?

பதில்: போதாது. அந்த மஞ்சள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கிக்கொண்டு மஞ்சள்பச்சையாக உமிழ்கிறது. மேகமூட்டத்திலும் அந்தி வேளையிலும் அது துணியே எரிவது போல் எடுப்பாகத் தெரியும். இருட்டிய பிறகு புற ஊதாவும் இல்லை, அந்தப் பளபளப்பும் இல்லை. இரவில் காப்பாற்றுவது ஜாக்கெட்டில் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டைதான். அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், வண்டி விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சற்றுத் தூரத்திலிருந்து அடியுங்கள். பட்டை தகதகக்க வேண்டும். டார்ச்சைக் கை நீளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளினால் சட்டென்று மங்க வேண்டும். எங்கிருந்து அடித்தாலும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் வெள்ளிப் பூச்சு. எத்தனை முறை துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். துவைக்கத் துவைக்கப் பட்டையின் சக்தி குறையும்.

கேள்வி: குழந்தை அறையில் ஒட்டும் 'ரேடியம்' நட்சத்திரங்கள் ஆபத்தா?

பதில்: அவற்றில் ரேடியம் கிடையாது. கடிகார முட்களில் நிஜ ரேடியம் பூசி, பூசிய பெண்கள் நோயுற்றதெல்லாம் 1920-களின் கதை. இப்போது இருப்பது துத்தநாக சல்பைடு அல்லது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். வாங்கிய ஒளியைச் சேர்த்துவைத்து மெல்ல வெளியிடுபவை. முதலாவது சீக்கிரம் அணையும், இரண்டாவது மணிக்கணக்கில் நிற்கும். ஒரு நிமிடம் டார்ச் காட்டி, உள்ளங்கைக்குள் பொத்திப் பார்த்து வாங்குங்கள். பச்சையாக ஒளிர்வது நெடுநேரம் வரும். சிவப்பு, ஊதா என்று வகைவகையாக ஆசைப்பட்டால் குழந்தை தூங்குவதற்கு முன்பே அணைந்துவிடும்.